மாரடைப்பா, இல்லையா: மொழி மாதிரியோடு கோப்பு படித்த அனுபவம்

அந்த நோயாளியின் கோப்பில் மூன்றாவது ட்ரோபோனின் கிடையாது. இதயத் தசை காயப்பட்டால் இரத்தத்தில் கூடும் புரதம் அது. 140 பக்கங்களையும் இரண்டு முறை புரட்டிவிட்டேன். நோயாளி வந்த இரவு எடுத்த இரத்தத்தில் 61, மூன்று மணி நேரம் கழித்து எடுத்ததில் 68. அதோடு சரி. ஆனால் மொழி மாதிரி, அதாவது ஏராளமான எழுத்துகளைப் படித்துப் பழகிய செயற்கை நுண்ணறிவு நிரல், எழுதித் தந்த சுருக்கத்தில் மூன்றாவதாக ஓர் எண் இருந்தது: மறுநாள் காலை, 39. நேரம்கூடப் போட்டிருந்தது.

முதலில் என் மேலேயே சந்தேகம் வந்தது. பக்கம் ஏதேனும் ஒட்டிக்கொண்டிருக்குமோ, ஸ்கேன் செய்தபோது விடுபட்டிருக்குமோ என்று மூன்றாவது முறையும் தேடினேன். பிறகுதான் புரிந்தது. மாரடைப்பில் ட்ரோபோனின் ஏறும், பின்பு இறங்கும். அப்படி ஏறி இறங்கிய கதைகளை அந்த மாதிரி கணக்கில்லாமல் படித்திருக்கிறது. இரண்டு எண்களைப் பார்த்ததும் மூன்றாவது எப்படி இருக்க வேண்டும் என்று அதற்குத் தோன்றிவிட்டது, எழுதிவிட்டது. ஏமாற்றும் எண்ணமே இல்லாத பொய். அதனால்தான் அவ்வளவு நம்பும்படி இருந்தது.

நான் மருத்துவம் படித்தவன். நோயாளிகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மருந்துச் சோதனைகளில் நிகழும் இதய நிகழ்வுகளுக்குக் கோப்பு தயாரிக்கும் வேலைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. வெளியே இந்த வேலையைப் பற்றி அதிகம் தெரியாது. ஒரு புதிய மருந்து மாரடைப்பைக் குறைக்கிறதா என்று கேட்டால், எது மாரடைப்பு என்பதில் முதலில் எல்லோரும் ஒன்றுபட வேண்டும் அல்லவா? நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் நூற்றுக்கணக்கான மருத்துவர்கள் ஆளுக்கொரு அளவுகோலோடு எழுதுவதை அப்படியே எண்ண முடியாது. எனவே ஒரு குழு இருக்கும். நோயாளி எந்த மருந்து சாப்பிட்டார் என்று தெரியாத இரண்டு இதய நிபுணர்கள் தனித்தனியே கோப்பைப் படித்து முடிவு எழுதுவார்கள். முடிவுகள் வேறுபட்டால் மூன்றாமவர் அல்லது முழுக் குழு பார்க்கும். 2008 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், புதிய சர்க்கரை நோய் மருந்துகளால் இதயத்துக்குக் கேடு இல்லை என்று காட்ட வேண்டும் என வழிகாட்டுதல் கொண்டுவந்தது. அப்போதிருந்து இப்படிப்பட்ட கோப்புகளின் எண்ணிக்கை மலையாகிவிட்டது.

கோப்பு என்றதும் ஒழுங்காக அடுக்கிய தாள்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கோணலாக ஸ்கேன் செய்த இ.சி.ஜி., பாதி வெட்டுப்பட்ட ஆய்வக அறிக்கை, கையெழுத்தில் செவிலியர் குறிப்பு, வேறொரு மொழியிலிருந்து அவசரமாக மொழிபெயர்த்த டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் கலந்து கிடக்கும். அந்த டிஸ்சார்ஜ் சம்மரியிலும் பாதி, போன முறை சேர்ந்தபோது எழுதியதை வெட்டி ஒட்டியதாக இருக்கும். இதிலிருந்து குழுவுக்குத் தேவையானதை எடுத்து வைப்பது என் பொறுப்பு. ஆகவே, மொழி மாதிரியைப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்று மேலிருந்து சொன்னபோது நான் எதிர்க்கவில்லை. சொல்லப்போனால், குழுவிலேயே அதிகம் ஆசைப்பட்டவன் நான்தான்.

முதல் தவறும் என்னுடையதுதான். கோப்பு முழுவதையும் கொடுத்து, மாரடைப்பின் வரையறையையும் கொடுத்து, “இது மாரடைப்பா?” என்று கேட்டேன். அழகாகப் பதில் சொன்னது. எளிய கோப்புகளில் சரியாகவும் சொன்னது. இரத்தக் குழாய் முழுதாக அடைபட்டு, இ.சி.ஜி.யில் பட்டவர்த்தனமாகத் தெரிந்து, ஸ்டென்ட் வைத்து அனுப்பிய நோயாளிக்கு மாரடைப்பு என்று சொல்ல எந்த மாதிரியும் வேண்டாம், வாயிற்காவலரே சொல்லிவிடுவார். கோப்புகளில் பெரும்பகுதி இப்படிப்பட்டவைதான். அவற்றையும் சேர்த்து விழுக்காடு போட்டால் எண் கண்ணைப் பறிக்கும். அதில் நானும் மயங்கினேன்.

இந்தத் துறையில் வெளிவந்த ஆய்வுகளைப் படிக்கும்போதும் இது நினைவில் இருக்க வேண்டும். இன்வெஸ்டட் என்ற இன்ஃப்ளூயன்சா தடுப்பூசிச் சோதனையின் பதிவுகளை வைத்து 2024இல் ஓர் ஆய்வு வந்தது. வேறொரு மருத்துவமனைத் தொகுப்பில் பயிற்சி பெற்ற மொழி மாதிரி, இதயச் செயலிழப்பால் (இதயத்தால் போதிய இரத்தத்தை இறைக்க முடியாத நிலை) வந்த மருத்துவமனைச் சேர்க்கைகளை அடையாளம் காண்பதில் நிபுணர் குழுவோடு 87 விழுக்காடு ஒத்துப்போனது. அந்தச் சோதனையின் பதிவுகளைக் கொண்டே மேலும் பழக்கியபோது 93 ஆனது. நல்ல வேலை, சந்தேகமில்லை. ஆனால் என்னைப் போன்றவனுக்குத் தூக்கத்தைக் கெடுப்பது மிச்சமிருக்கும் ஏழு. அவை யாருடைய கோப்புகள், எந்த வகைத் தவறு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வரையறையைப் பார்த்தால் இது விளங்கும். 2018இல் வந்த நான்காவது உலகளாவிய வரையறைப்படி, ட்ரோபோனின் உயர்ந்திருந்தால் மட்டும் போதாது. ஆரோக்கியமானவர்களில் 99 விழுக்காட்டினருக்கு இருக்கும் அளவை அது தாண்ட வேண்டும், ஏற்றமோ இறக்கமோ தெரிய வேண்டும், அதோடு இதயத் தசைக்கு இரத்தம் குறைந்ததற்கான சான்றும் வேண்டும். நெஞ்சுவலி, இ.சி.ஜி. மாற்றம், எக்கோவில் புதிதாக இதயச் சுவர் அசையாமை, ஆஞ்சியோகிராமில் இரத்தக் கட்டி என்று ஏதாவது ஒன்று. அதற்குப் பிறகு வகை பிரிக்க வேண்டும். குழாயில் கொழுப்புப் படிவு வெடித்து வந்தால் முதல் வகை. கடும் இரத்தசோகையோ, தாறுமாறான இதயத் துடிப்போ, இரத்த அழுத்தச் சரிவோ காரணமாக வந்தால் இரண்டாம் வகை. சிறுநீரகம் பழுதானவருக்கு ட்ரோபோனின் எப்போதுமே உயர்ந்து கிடந்தால் அது தசைக் காயம்தானே தவிர மாரடைப்பு அல்ல. இந்த மூன்றுக்கும் நடுவில்தான் நிபுணர்களே மல்லுக்கட்டுகிறார்கள். மொழி மாதிரியோ டிஸ்சார்ஜ் சம்மரியின் தலைப்பில் “மாரடைப்பு” என்று இருந்தால் பெரும்பாலும் அதன் பக்கம் சாய்ந்துவிட்டது. மருத்துவமனை மருத்துவர் எழுதியதை அப்படியே ஏற்பதென்றால் குழு எதற்கு?

39 என்ற அந்த எண்ணைக் கண்ட நாளிலிருந்து கேள்வியை மாற்றினேன். தீர்ப்பு கேட்பதை நிறுத்திவிட்டேன். சாட்சியம் மட்டும் கேட்டேன். ட்ரோபோனின் முடிவுகள் எவை, எந்தப் பக்கத்தில், எந்த நேரத்தில், எந்த அலகில், அந்த வரியை எழுத்து மாறாமல் எடுத்துக் கொடு. இல்லையென்றால் “கோப்பில் இல்லை” என்று எழுது. இந்தக் கடைசி வாக்கியம் சின்னதாகத் தெரியும். ஆனால் இல்லை என்று சொல்ல இடம் கொடுக்காத படிவத்தை மனிதர்களே ஏதாவது எழுதி நிரப்பிவிடுவார்கள். மாதிரிக்கும் அந்த இடம் வேண்டும். அது எடுத்துக் கொடுத்த ஒவ்வொரு வரியும் குறிப்பிட்ட பக்கத்தில் உண்மையிலேயே இருக்கிறதா என்று ஒரு சாதாரண நிரல் ஒப்பிட்டுப் பார்க்கும். இல்லாவிட்டால் அந்த வரி சிவப்பாகும், மனிதர் பார்ப்பார். இதற்கு நுண்ணறிவு எதுவும் தேவையில்லை. எழுத்தோடு எழுத்து ஒப்பிடும் வேலைதான். நாங்கள் செய்தவற்றிலேயே அதிகம் பயன்பட்டது இதுதான்.

மேற்கோள் சரியாக இருந்தும் பொருள் தவறாகப் போவதுண்டு. ஒரு நோயாளியைச் சிறிய மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு மாற்றியிருந்தார்கள். முதல் இடத்தில் ட்ரோபோனின் 0.9, இரண்டாம் இடத்தில் 45. இரண்டு வரிகளையும் பிழையில்லாமல் எடுத்துக் கொடுத்த மாதிரி, “ஐம்பது மடங்கு உயர்வு” என்று ஒரு குறிப்பும் சேர்த்தது. முதலாவது மில்லிலிட்டருக்கு நானோகிராம், இரண்டாவது லிட்டருக்கு நானோகிராம். அதாவது முதல் எண் 900. ஐம்பது மடங்கு ஏறியதாகச் சொன்ன இடத்தில், மேலோட்டமாகப் பார்த்தால் இறக்கம் இருக்கிறது. அதையும் நம்ப முடியாது. ஏனென்றால் ஓர் ஆய்வகம் பார்த்தது ட்ரோபோனின் ஐ, மற்றது ட்ரோபோனின் டி. இரண்டையும் ஒரே கோட்டில் வைப்பது முழத்தையும் படியையும் ஒப்பிடுவது போல. அன்றிலிருந்து எண், அலகு, ஆய்வு வகை, அந்த ஆய்வகத்தின் உச்ச வரம்பு ஆகிய நான்கும் சேர்ந்து வந்தால்தான் ட்ரோபோனினை ஏற்பது என்று வைத்துக்கொண்டோம். ஸ்கேன் படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி தசமப் புள்ளியைத் தின்றுவிடும் சிக்கல் வேறு. 0.04 என்பது 004 ஆகி, பிறகு 4 ஆகி நின்றதை நானே பிடித்திருக்கிறேன்.

நேரக் கணக்கையும் மொழி மாதிரியிடம் விடவில்லை. 2017இல் இறுதிசெய்த வரையறைகளின்படி இதயச் செயலிழப்புச் சேர்க்கை என்று எண்ண, குறைந்தது 24 மணி நேரம் மருத்துவமனையில் இருந்திருக்க வேண்டும். அறிகுறிகள் இருக்க வேண்டும், பரிசோதனைச் சான்று இருக்க வேண்டும், நரம்பு வழியாக நீர்பிரி மருந்து (உடலில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது) கொடுத்தது போல் சிகிச்சை கூடியிருக்க வேண்டும். இரவு 11.40க்கு வந்து மறுநாள் இரவு 10.15க்குப் போனவர் 24 மணி நேரம் இருந்தாரா என்பதை மாதிரி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாகச் சொன்னது. நேரங்களை எடுத்துத் தருவது அதன் வேலை, கழிப்பது கணக்கு நிரலின் வேலை என்று பிரித்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது. 03/04 என்று எழுதிய தேதி மார்ச்சா ஏப்ரலா என்பது மட்டும் இன்றும் மனிதக் கண்ணுக்குத்தான் வருகிறது.

இவ்வளவு குறை சொல்பவன் ஏன் அதை விடாமல் வைத்திருக்கிறேன் என்று கேட்கலாம். நிமோனியா என்று வந்த ஒரு சேர்க்கைதான் காரணம். மருத்துவமனை அதை இதய நிகழ்வாக அனுப்பவே இல்லை. நுரையீரல் தொற்று என்று பொதுப் பட்டியலில் கிடந்தது. பொதுப் பட்டியலில் இருக்கும் சேர்க்கைகளை நாங்கள் முழுதாகப் படித்ததில்லை. அதற்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. மாதிரியை அவற்றின் மேல் ஓடவிட்டபோது, 97ஆம் பக்கத்துச் செவிலியர் குறிப்பு ஒன்றை எடுத்து நீட்டியது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நோயாளி இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்தார், நரம்பு வழியாக ஃபுரோசமைடு என்ற நீர்பிரி மருந்து இரண்டு முறை போடப்பட்டது, விடிந்தபோது வீக்கம் குறைந்திருந்தது. குழு பார்த்தது, இதயச் செயலிழப்பு என்று ஒருமனதாக எழுதியது. இரவு பதினோரு மணிக்கு, அன்றைய ஆறாவது கோப்பில், 97ஆம் பக்கத்தை நான் அந்தக் கவனத்தோடு படித்திருப்பேனா? மாட்டேன். மருத்துவமனை அனுப்பியதைச் சரிபார்ப்பதைவிட, அனுப்பாமல் விட்டதைத் தேடுவதில் இது அதிகம் உதவுகிறது. தவறாகச் சுட்டிக்காட்டினால் எங்களுக்குச் சில நிமிடங்கள்தான் போகும். சுட்டிக்காட்டாமல் போனால் ஒரு நிகழ்வே போய்விடும். ஆகவே இந்த வேலைக்கு அதைக் கொஞ்சம் அதிகமாகவே சந்தேகப்படச் சொல்லி வைத்திருக்கிறோம்.

மருந்து மறைப்பு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் வகை மருந்துகள் உண்டு. அப்படிப்பட்ட மருந்தின் சோதனையில் சிறுநீர்ப் பரிசோதனை முடிவைப் பார்த்தாலே நோயாளி எதைச் சாப்பிடுகிறார் என்று ஊகித்துவிடலாம். எங்கள் ஆட்கள் கோப்பிலிருந்து மருந்தின் பெயரை அழித்திருந்தார்கள். சிறுநீர் அறிக்கையை அழிக்க மறந்திருந்தார்கள். மாதிரி தன் விளக்கத்தில், நோயாளி சோதனை மருந்தை எடுத்திருக்கக்கூடும் என்று ஓர் அடி எழுதிவைத்தது. அந்த அடி நிபுணர்களிடம் போயிருந்தால் அந்தக் கோப்பின் மறைப்பே உடைந்திருக்கும். நல்ல வேளையாக என்னிடம் நின்றது. பிறகு அதையே வேலைக்கு வைத்தோம். கோப்பு நிபுணர்களிடம் போகும் முன், எந்த மருந்து என்று காட்டிக்கொடுக்கும் வரிகள் எங்கே இருக்கின்றன என்று தேடுவது இப்போது மாதிரியின் முதல் பணி. திருடனுக்கே காவல் வேலை கொடுத்ததாக நண்பர் ஒருவர் கேலி செய்தார். சரியாகத்தான் சொன்னார். (பெயர், பிறந்த தேதி போன்றவை நீங்காத கோப்பைப் பொதுவில் கிடைக்கும் உரையாடல் தளத்தில் ஒட்டுவது பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அப்படிச் செய்பவருக்கு இந்த வேலையில் இடமே இல்லை.)

மரணக் கோப்புகளில் மாதிரியின் கதை சொல்லும் ஆசை மிகவும் ஆபத்தானது. வீட்டில் தூக்கத்தில் இறந்த ஒருவரைப் பற்றிக் கிடைத்தது தொலைபேசியில் கேட்டு எழுதிய மூன்று வரிகள். அதிலிருந்து இதயத் துடிப்புக் கோளாறு, திடீர் மரணம் என்று ஒரு முழுப் பத்தி உருவாக்கியது. திடீர் இதய மரணம் என்று எழுத வேண்டுமானால், யாரும் பார்க்காமல் இறந்தவர் அதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் நலமாக இருந்ததை யாராவது கண்டிருக்க வேண்டும். கடைசியாக அவரை யார், எப்போது பார்த்தார்கள் என்பது அந்த மூன்று வரிகளில் இல்லை. அங்கே வேண்டியது மருத்துவமனைக்கு ஒரு கேள்வி, பத்தி அல்ல. எனவே மரணக் கோப்புகளில் “எது தெரியவில்லை என்று மட்டும் பட்டியலிடு” என்கிறோம். அதை நன்றாகவே செய்கிறது. ஆனால் கேள்விக் கடிதத்தை அதை எழுதவிட்டால் “நோயாளிக்கு நெஞ்சுவலி இருந்ததா?” என்று எழுதும். அப்படிக் கேட்டால் “ஆம்” என்றுதான் பதில் வரும். “கடைசி நாளில் எப்படி இருந்தார் என்று விவரியுங்கள்” என்று நாங்கள் திருத்தி அனுப்புகிறோம்.

சுருக்கத்தை நிபுணர்களுக்கு எப்போது காட்டுவது என்பதிலும் அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டோம். தொடக்கத்தில் கோப்பின் முதல் பக்கமாகவே வைத்தோம். வேலை விரைந்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. குழுவின் மூத்த நிபுணர் ஒருவர் மட்டும் இரண்டு வாரத்தில் என்னை அழைத்தார்.

“டாக்டர், அந்தத் தாளை எடுத்துவிடுங்கள்.”

“ஏன் சார், தவறாக இருக்கிறதா?”

“சரியாக இருக்கிறது. அதுதான் தொல்லை. அதைப் படித்துவிட்டால் கோப்பில் அதற்கு ஒத்துவருவதை மட்டும் என் கண் தேடுகிறது. நான் இப்போது படிப்பதில்லை, கையெழுத்துப் போடுகிறேன்.”

தன்னைப் பற்றி அப்படி வெளிப்படையாகச் சொல்லப் பெரிய மனம் வேண்டும். அன்றே முறையை மாற்றினோம். இப்போது நிபுணர் முதலில் தன் முடிவைப் பதிவு செய்வார். பிறகு மாதிரி எடுத்த சாட்சியங்கள் திறக்கும். மாற்ற விரும்பினால் மாற்றலாம், ஆனால் ஏன் மாற்றினார் என்று எழுத வேண்டும். இரண்டு நிபுணர்களும் தனித்தனியே படிப்பதன் பயனே அவர்களுடைய தவறுகள் வேறுவேறாக இருப்பதுதான். இருவரும் ஒரே சுருக்கத்தைப் படித்துவிட்டு ஒத்துப்போனால் அது ஒப்புதல் அல்ல, எதிரொலி.

தவறுகள் தற்செயலாகத்தானே வருகின்றன, இரண்டு பக்கமும் சமமாகிவிடும் என்று ஒரு புள்ளியியல் நண்பரிடம் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அவர் விடவில்லை. தற்செயல் தவறு பொதுவாக இரண்டு மருந்துகளுக்கும் உள்ள வித்தியாசத்தை மங்கச் செய்யும். புதிய மருந்து மேலானது என்று காட்ட நினைக்கும் சோதனையில் அதனால் நஷ்டம் மருந்துக்கு. ஆனால் புதிய மருந்து பழையதைவிட மோசமில்லை என்று மட்டும் காட்ட நினைக்கும் சோதனையில் அதே மங்கல் மருந்துக்குச் சாதகமாகிவிடும். உண்மையிலேயே கெடுதல் செய்யும் மருந்து, எண்ணிய விதம் சரியில்லாததாலேயே தேர்வாகிவிடலாம். இதை அறிந்த பிறகு எந்தச் சோதனைக்கு மாதிரியை எவ்வளவு தூரம் அனுமதிப்பது என்பதை ஒவ்வொன்றாகத்தான் முடிவு செய்கிறோம். 2025 ஜனவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வெளியிட்ட வரைவு வழிகாட்டுதலும் ஏழு படிகள் வைத்து இதையே கேட்கிறது: எந்தக் கேள்விக்கு மாதிரியைப் பயன்படுத்துகிறீர்கள், அது தவறினால் என்ன ஆகும்?

நான் எதிர்பாராத லாபம் வேறிடத்தில் கிடைத்தது. மாதிரிக்குக் கட்டளை எழுத உட்கார்ந்தபோது எங்கள் குழுவின் விதிநூலில் ஓட்டை இருப்பது தெரிந்தது. “ட்ரோபோனின் ஏற்றம்” என்று எழுதியிருந்தோமே தவிர, ஏற்கெனவே உயர்ந்திருப்பவருக்கு எவ்வளவு மாறினால் ஏற்றம் என்று எழுதவில்லை. உலகளாவிய வரையறை அதற்கு 20 விழுக்காட்டுக்கு மேல் என்று சொல்கிறது. எங்கள் நிபுணர்களில் ஒருவர் அதைப் பின்பற்றினார், இன்னொருவர் கண்ணால் பார்த்து முடிவு செய்துவந்தார். பல மாதங்களாக. மனிதர்களுக்கு எழுதும்போது “அவர்களுக்குத் தெரியும்” என்று விட்டுவிடுகிறோம். எதையும் தானாக அறியாத ஒன்றுக்கு எழுதும்போதுதான் நமக்கே தெரியாதது வெளியே வருகிறது. வரையறை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு எக்ஸல் என்ற மருத்துவச் சோதனை சாட்சி. ஸ்டென்டா, பைபாஸா என்று ஒப்பிட்ட அந்தச் சோதனையில், சிகிச்சையை ஒட்டி வரும் மாரடைப்பை ஒரு வரையறைப்படி எண்ணினால் பைபாஸ் பக்கம் அதிகம், இன்னொன்றின்படி எண்ணினால் ஸ்டென்ட் பக்கம் அதிகம். அந்தச் சண்டை எங்கள் துறையில் எல்லோரும் அறிந்தது. விதிநூலைத் திருத்தி, பழைய கோப்புகளில் சந்தேகமானவற்றைக் குழுவிடம் மறுபடி அனுப்பினோம்.

மாதிரியின் பதிப்பைப் பூட்டிவைப்பதும் முக்கியம். நடுவில் நிறுவனம் புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டால், சோதனையின் முதல் பாதியை ஒருவர் படித்தது போலவும் மறுபாதியை இன்னொருவர் படித்தது போலவும் ஆகிவிடும். பூட்டிய பிறகும் ஒரே கோப்பைப் பல முறை கொடுத்துப் பாருங்கள். பதில் மாறுகிற கோப்புகளைத் தனியே எடுத்து வைத்தால், நிபுணர்கள் மல்லுக்கட்டும் கோப்புகள் அதில் நிறையவே கிடைக்கும். மாதிரியைச் சோதிக்கவும் அவற்றையே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த முதல் கோப்புக்கு வருகிறேன். நோயாளிக்குச் சிறுநீரகம் பலவீனம், அன்று நெஞ்சில் பாரம் இருப்பதாகவும் சொல்லியிருக்கிறார், மருத்துவமனை அதை மாரடைப்பு என்று அனுப்பியிருந்தது. 61இலிருந்து 68 என்பது 20 விழுக்காட்டைத் தொடவில்லை. மாதிரி கற்பனை செய்த 39 உண்மையாக இருந்தால் தெளிவான இறக்கம்; மாரடைப்பு என்று எழுதியிருப்பார்கள். மறுநாள் காலை இரத்தம் எடுத்தார்களா, எடுத்திருந்தால் முடிவை அனுப்பவும் என்று கேட்டு எழுதினோம். பதினெட்டு நாள் கழித்து ஒற்றைத் தாள் வந்தது. எடுத்திருந்தார்கள், கோப்பில் சேர்க்க மறந்துவிட்டார்கள். முடிவு 64. இரண்டு நிபுணர்களும் தனித்தனியே ஒன்றையே எழுதினார்கள்: இதயத் தசைக் காயம், மாரடைப்பு அல்ல.